பல்கலைக்கழக வளாகத்தின் மின்சாரக் கணக்கு: இடர்கள், உரிமைகள், தீர்வழிகள்

சுற்றுச்சூழல் குறித்த கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் வழங்கிய தீர்ப்பின் விளைவாக, இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் பெறும் மாணவர்கள் சுற்றுச்சூழல் கல்வியை ஒரு பாடமாகப் படித்துத் தேர்வு எழுதுகின்றனர். ஆயினும் அப்பாடம் நடைபெறும் கட்டடம் மாதந்தோறும் எத்தனை யூனிட் மின்சாரத்தைச் செலவிடுகிறது, அதில் எவ்வளவு வீணாகிறது, அந்த வீணுக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பன பெரும்பாலான வளாகங்களில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தெரிவதில்லை. கட்டடவாரியாக அளந்து, அந்த அளவைப் பொதுவில் வைக்காத எந்தச் சேமிப்புத் திட்டமும் நிலைப்பதில்லை என்பதையும், அந்த அளவைக் கேட்டுப் பெறுவதற்குச் சட்டம் வழிவகுத்திருக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மின்சாரம் செலவாகும் இடங்கள்

வகுப்பறை, விடுதி, ஆய்வகம், நூலகம், சமையற்கூடம், நீரேற்று நிலையம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு வளாகத்துக்குப் பொதுவாக உயரழுத்த மின் இணைப்பு ஒன்றே இருக்கும். மின்வாரியத்தின் மானியும் நுழைவிடத்தில் ஒன்றே இருக்கும். அந்த ஒற்றை மானியின் எண் மொத்தச் செலவைக் காட்டுமேயன்றி, எந்தக் கட்டடத்தில் எந்த நேரத்தில் செலவாயிற்று என்பதைக் காட்டாது. இந்த நிலையில் ‘விளக்கை அணையுங்கள்’ என்ற அறிவிப்புப் பலகை மட்டுமே நிர்வாகத்தின் கருவியாக எஞ்சுகிறது. அணைத்ததனால் விளைந்த பயனை அறிய எவருக்கும் வழியில்லாததால் அறிவிப்பும் சில வாரங்களில் மறக்கப்படுகிறது.

உயரழுத்த நுகர்வோரின் கட்டணம் இரு பகுதிகளைக் கொண்டது. பயன்படுத்திய யூனிட்டுகளுக்குரிய தொகை ஒன்று. வளாகம் ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சுமைக்குரிய கேட்புக் கட்டணம் மற்றொன்று. இச்சுமை கிலோவோல்ட் ஆம்பியர் என்னும் அலகில் கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டு நடைமுறையில், பதிவான அதிகபட்ச அளவு அல்லது ஒப்பந்தம் செய்துகொண்ட அளவின் 90 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே தேவைக்கு மீறி ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் பணம் கட்டுகிறது. முற்பகலில் குளிர்சாதனங்களும் ஆய்வகக் கருவிகளும் இயங்கும் அதே நேரத்தில் தண்ணீர் மோட்டார்களையும் ஓட்டும் நிறுவனமோ, அந்தக் குறுகிய நேரத்து உச்சத்துக்காக அம்மாதம் முழுவதற்கும் கூடுதல் கட்டணம் செலுத்துகிறது. மோட்டார் இயங்கும் நேரத்தை மாற்றுவதற்குச் செலவேதுமில்லை. ஆனால் உச்சம் எப்போது நிகழ்கிறது என்று தெரிந்தால்தான் அதை மாற்ற இயலும்.

எளிய பொருள் ஒன்றைக் கொண்டு சேமிப்பின் அளவை மதிப்பிடலாம். வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் உள்ள பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. எனப்படும், தூரிகையற்ற மோட்டார் பொருத்திய புதிய விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாட்கள் எனக் கணக்கிட்டால் ஒரு விசிறிக்கு 112.5 யூனிட்டும், 1,000 விசிறிகளுக்கு 1,12,500 யூனிட்டும் மிச்சமாகும். ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு தமிழ்நாட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவில் உற்பத்தி செய்யும் என்பதால், இந்தச் சேமிப்பு ஏறத்தாழ 80 கிலோவாட் சூரிய மின்நிலையத்தின் ஆண்டு உற்பத்திக்கு இணையாகிறது. அத்தகைய நிலையத்துக்கு 800 சதுர மீட்டர் அளவுக்குக் கூரைப்பரப்பு வேண்டும். கூரையில் தகடு பொருத்துவது கண்ணுக்குத் தெரிவதால் விழா எடுத்துத் திறந்து வைக்கப்படுகிறது. விசிறி மாற்றம் எவர் கண்ணிலும் படாததால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. முதலில் வீணைக் குறைத்து, பின்னர் எஞ்சும் தேவைக்குச் சூரிய மின்சாரம் அமைப்பதே செலவிலும் பயனிலும் சரியான வரிசை.

அறிவியல் துறைகளில் கவனிக்கப்படாத பெருஞ்செலவு ஒன்று உண்டு. உயிரியல் மாதிரிகளைப் பாதுகாக்கும் மீக்குளிர் பெட்டிகள் இரவு பகலாக ஓடுபவை. பழைய வகைகள் நாளொன்றுக்கு 20 யூனிட் அளவுக்கு இழுக்கின்றன. பல மாதிரிகளுக்கு மைனஸ் 80 டிகிரிக்குப் பதிலாக மைனஸ் 70 டிகிரியே போதுமானது; இந்த ஒரு மாற்றத்தால் மின்செலவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. கதவின் ரப்பர் விளிம்பில் படியும் பனியை உரிய காலத்தில் அகற்றுவதும், உரியவர் வளாகத்தை விட்டுச் சென்று பல ஆண்டுகளாகியும் அடுக்கிலேயே கிடக்கும் மாதிரிகளைப் பட்டியலிட்டுக் கழிப்பதும் புதிய பெட்டி வாங்கும் தேவையையே தவிர்க்கும். குளிர்சாதனங்களைப் பொறுத்தவரை, வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியையே தொடக்க அளவாகக் கொண்டு விற்கப்பட வேண்டும் என்ற விதியும் இந்தக் கணக்கை ஒட்டியே பிறந்தது.

கவனக்குறைவின் இடர்கள்

முதல் இடர் உயிர் சார்ந்தது. விடுதி அறைகளின் சாதாரண மின்முனைகள் 5 அல்லது 6 ஆம்பியர் மின்னோட்டத்துக்காக அமைக்கப்பட்டவை. 1,500 வாட் மின்கெட்டில் ஒன்று 6.5 ஆம்பியர் இழுக்கும், 2,000 வாட் மின்தூண்டல் அடுப்பு அதனினும் கூடுதலாக இழுக்கும். ஒரு தளத்தில் பல அறைகளில் இவை ஒரே நேரத்தில் இயங்கும்போது பழைய கம்பிகள் சூடேறி, காப்புறை இளகி, தீப்பிடிக்கும் நிலை உருவாகிறது. கருவிகளைப் பறிமுதல் செய்வதால் மட்டும் இந்த ஆபத்து நீங்காது. தளந்தோறும் வெந்நீர் வசதியும், இரவில் சூடான உணவு கிடைக்கும் ஏற்பாடும் அமைந்தால்தான் மாணவர் அறைக்குள் அடுப்பு வைக்கும் தேவை குறையும்.

இரண்டாவது இடர் வெப்பம். கோடையில் கான்கிரீட் கூரை பகலில் ஏறிய சூட்டை, நேர்கீழே உள்ள மேல்தள விடுதி அறைகளுக்குள் இரவு முழுவதும் இறக்குகிறது. அங்கே தங்குபவர் உறக்கமும் உடல்நலமும் இழக்கின்றனர். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும், குறுக்குக் காற்றோட்டமும், மர நிழலும் குளிர்சாதனம் இல்லாமலேயே அறைச் சூட்டைச் சில டிகிரி தணிக்க வல்லவை.

மூன்றாவது இடர் கழிவு. கணினி, அச்சுப்பொறி, யூ.பி.எஸ். மின்கலம் ஆகியவற்றில் காரீயம் முதலிய நச்சுப் பொருட்கள் இருப்பதால், அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவது மண்ணையும், அவற்றை உடைக்கும் தொழிலாளியின் உடலையும் கெடுக்கிறது. வளாகத்தில் சிதறும் பிளாஸ்டிக்கோ, கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் போலப் புள்ளிமானும் வெளிமானும் உலவும் வளாகங்களில் விலங்குகளின் உயிருக்கே கேடாகிறது.

நான்காவது இடர் பணம். மின்சாரம் தடைபடும்போது இயங்கும் டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் வரைதான் தருகிறது என்பதால், அதன் ஒரு யூனிட் வாரிய மின்சாரத்தைப் போலப் பன்மடங்கு விலையுடையது. இத்தகைய செலவுகளெல்லாம் இறுதியில் விடுதிக் கட்டணமாகவோ, நூல்களுக்கும் ஆய்வுக்கும் செல்ல வேண்டிய நிதியின் குறைவாகவோ மாணவர் மீதே விழுகின்றன.

சட்டம் தரும் உரிமைகள்

தூய சூழலில் வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாக உறுதிசெய்து வந்துள்ளது, 2024-இல் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையையும் 14, 21-ஆம் பிரிவுகளின் கீழ் ஏற்றுக்கொண்டது. இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்களின் கடமை என்று 51-ஏ பிரிவு கூறுவதால், இதில் உரிமையும் கடமையும் இணைந்தே நிற்கின்றன.

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. எரிசக்தித் தணிக்கை என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை கவனத்துக்குரியது: எரிசக்திப் பயன்பாட்டைச் சரிபார்த்து ஆராய்வதோடு, திறனை உயர்த்துவதற்கான பரிந்துரைகள், அவற்றின் செலவு-பயன் கணக்கு, நுகர்வைக் குறைப்பதற்கான செயல்திட்டம் ஆகியவை கொண்ட தொழில்நுட்ப அறிக்கையும் அதில் அடங்கும். தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக், தரமதிப்பீட்டில் பசுமைத் தணிக்கை, எரிசக்தித் தணிக்கை பற்றிக் கேட்டு வந்திருப்பதால், பல நிறுவனங்களில் அறிக்கைகள் உள்ளன. விளக்குகளையும் விசிறிகளையும் எண்ணிப் பட்டியலிட்டு, செலவு-பயன் கணக்கோ செயல்திட்டமோ இன்றி முடியும் அறிக்கை, சட்டம் சொல்லும் தணிக்கையாகாது. இச்சட்டத்தை ஒட்டி வந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட நெறிமுறை, 2017-ஆம் ஆண்டு வடிவில், 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கிலோவோல்ட் ஆம்பியர் ஒப்பந்தத் தேவை கொண்ட கட்டடங்களைக் கருத்தில் கொண்டு, கல்விக் கட்டடங்களையும் தனி வகையாகச் சேர்த்துள்ளது.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் 1,000-க்கும் குறையாத மின், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்திய நிறுவனம் பெருநுகர்வோர் ஆகும். அது தன் மின்கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சி செய்பவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். கணினிக்கூடங்கள் நிறைந்த பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இவ்வரம்புக்குள் வருகின்றன.

தீர்வு தேடும் வழிகள்

தகவலே முதற்படி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசுப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அல்லது பதில் நிறைவளிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின்னர் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். பொதுவாகக் கேட்பதை விடக் குறிப்பாகக் கேட்பதே பயன் தரும்: கடந்த மூன்று ஆண்டுகளின் மாதாந்திர மின்பட்டியல்களின் நகல், ஒப்பந்தத் தேவையும் பதிவான தேவையும், எரிசக்தித் தணிக்கை அறிக்கையும் அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும், மின்கழிவு ஒப்படைத்த ரசீதுகள் என ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். தனியார் நிறுவனமெனில், அரசு அமைப்புகள் சட்டப்படி அதனிடமிருந்து பெறக்கூடிய தகவல்களை அந்த அமைப்புகளின் வழியே கோரலாம்.

முன்னரே வெளியிடப்பட்ட விவரங்களில் இல்லாத மின்கட்டணம் விடுதியில் வசூலிக்கப்பட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி மாணவர் குறைதீர் குழுவிடமும், அடுத்து குறைதீர் அலுவலரான ஆம்பட்ஸ்பர்சனிடமும் முறையிடலாம். மின்கம்பிகளின் பாதுகாப்புக் குறித்த புகாரை மாநில மின் ஆய்வுத் துறைக்கு அனுப்பலாம். தமிழ்நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்கான மாநில முகமையும் அத்துறையே. கழிவு எரிப்பு, கழிவுநீர், ஜெனரேட்டர் புகை ஆகியவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொறுப்புடையது. இவற்றால் தீராத சுற்றுச்சூழல் சிக்கல்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குக் கொண்டு செல்லலாம். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கால வரம்பு உண்டு என்பதால், தேதியிட்ட ஒளிப்படங்களையும் ஒப்புகை பெற்ற கடிதங்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வைப்பது நல்லது.

புகார் என்பது இறுதி வழியே. அதற்கு முன் ஆசிரியரும் மாணவரும் ஊழியரும் சேர்ந்து ஆட்சிமன்றக் குழுவின் முன் வைக்கத்தக்க கோரிக்கைகள் மூன்று: ஒவ்வொரு கட்டடத்துக்கும் துணை மின்மானி பொருத்தப்பட வேண்டும், அதன் மாதாந்திர அளவு கட்டடத்தின் வாயிலில் எழுதி வைக்கப்பட வேண்டும், சேமித்த தொகையில் ஒரு பங்கு, சேமித்த துறைக்கோ விடுதிக்கோ திரும்ப வழங்கப்பட வேண்டும். மின்பொறியாளரின் மேற்பார்வையில் அளவெடுப்பதையும் ஆராய்வதையும் சுற்றுச்சூழல் பாடத்தின் களப்பணியாகவே ஆக்கினால், அப்பாடம் தேர்வுக்குப் படிக்கும் பாடமாக நின்றுவிடாமல் வளாகத்தை மாற்றும் வேலையாகும். தான் செலவிடும் மின்சாரத்தின் கணக்கைத் தன் மாணவரிடம் காட்டத் துணியும் பல்கலைக்கழகத்துக்கே, ஊருக்குச் சிக்கனம் சொல்லும் தகுதி உண்டு. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் பொறுப்பு அங்கே படிப்பவருக்கும் பணிபுரிபவருக்கும் உண்டு.