மூலையை வளைக்கும் கலை

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதித் தெருமுனைகளில், 1930-ஆம் ஆண்டுகள் முதல் எழுந்த ‘ஆர்ட் டெகோ’ பாணி வீடுகள் சிலவற்றை இன்றும் காணலாம். அவற்றில் இரு சுவர்கள் கூடுமிடம் கூராக இராது. மாடி வராந்தா அரைவட்டமாய் வளைந்து, கப்பலின் மேல்தளம்போலத் தெருவை நோக்கி நிற்கும். வளைந்த சுவர் எழுப்பும் கொத்தனார் ஒரு முளையடித்து, அதிற் கயிறு கட்டி, கயிற்றின் நுனி சுழலும் வழியே செங்கல்லை வைப்பார். கயிற்றின் நீளமே வளைவின் ஆரம்.

கணினித் திரைக்கு இந்த ஆசை தெருவிலிருந்தே வந்தது. 1981-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், தம் நிரலர் பில் அட்கின்சனை வெளியே அழைத்துச் சென்று, மூலை வளைந்த நீள்சதுரங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினாராம். வாகனம் நிறுத்தலாகாது என்னும் பலகையும் அவற்றுள் ஒன்று.

வலைப்பக்கத்திலோ நெடுங்காலம் அதற்கு வழியில்லை. அங்கே ஒவ்வொரு பகுதியும் இயல்பில் ஒரு நீள்சதுரப் பெட்டி. ஆகவே கால்வட்டப் படங்கள் நான்கு வரைந்து, மூலைக்கொன்றாக ஒட்டினார்கள். பெட்டியின் நிறம் மாறினால் நான்கையும் மறுபடி வரைய வேண்டும். பின்னணி மாறினாலும் அதே கதிதான். வீண் உழைப்பு என்றே சொல்லவேண்டும்.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் ‘பார்டர் ரேடியஸ்’ விதியை 2010, 2011-ஆம் ஆண்டுகளையொட்டி முக்கிய உலாவிகள் ஏற்றுக்கொண்டன. கொத்தனாரின் கயிறு கிடைத்துவிட்டது! ஆரம் 12 பிக்செல் என்று ஒரு வரி எழுதினால் நான்கு மூலைகளும் வளையும். மூலைக்கு ஓர் அளவாகவும் தரலாம். சதுரப் பெட்டிக்கு 50 விழுக்காடு தந்தால் முழு வட்டமாகும். அடுத்தடுத்த இரு ஆரங்கள் கூடிப் பெட்டியின் பக்கத்தை மிஞ்சினால், உலாவி எல்லா ஆரங்களையும் ஒரே விகிதத்திற் குறைத்துக்கொள்ளும்.

புதிதாகப் பழகுவோர் திகைக்கும் இடம் ஒன்றுண்டு. பெட்டி வளைந்தாலும் அதனுள் வைத்த நிழற்படம் தானே வளையாது. அதன் கூரிய மூலை வெளியே எட்டிப் பார்க்கும். விளிம்பைக் கடப்பதை மறைக்கும் ‘ஓவர்ஃப்ளோ ஹிட்டன்’ விதியையும் உடன் எழுதவேண்டும்.

திரையில் இவ்வாறு வளைவு மலிந்திருக்க, பாலிகஞ்சில் அது அருகி வருகிறது. பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்புகின்றனர். அரண்மனைகளை மட்டுமன்றி இத்தகைய சாதாரணக் குடியிருப்புகளையும் காக்க வேண்டுமென்று, 2015-இல் எழுத்தாளர் அமித் சௌதுரி ஓர் இயக்கம் தொடங்கினார்.