ரெயிலைக் கவிழ்த்த நீர்மூழ்கிக் கப்பல்

கடலில் போகும் கப்பல், தரையில் ஓடும் ரெயிலைக் கவிழ்க்குமா? கவிழ்த்தது!

1945 ஜூலை 23, அதிகாலை. சகாலின் தீவின் தென்பகுதி அப்போது ஜப்பான் வசம். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் "பார்ப்" கரையோரம் பதுங்கியிருந்தது. தளபதி யூஜின் பிளக்கி 8 பேரை ரப்பர் படகுகளில் அனுப்பினார். தண்டவாளத்துக்கு அடியில் வெடிகுண்டு, ஒரு ஸ்விட்ச். என்ஜின் ஏறினால் தண்டவாளம் சற்று அமுங்கும். பிளாட்பாரத்தில் நின்றால் நாமே பார்க்கலாம். அமுங்கினால் ஸ்விட்ச் அழுந்தும். சிறுவயதில் இப்படிக் கொட்டை உடைத்த ஒரு சிப்பந்தியின் யோசனை இது!

படகுகள் திரும்பும் முன்பே ரெயில் வந்தது. வெடித்தது. டிரைவர் கதி? ரெயில்வேக்காரனான எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அந்த ஜனவரியில் சீனத் துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பல்களைத் தாக்கியதற்காக, பிளக்கி "மெடல் ஆப் ஆனர்" பெற்றவர். 2007-ல் 93 வயதில் காலமானார். அவர் பெருமைப்பட்டது வேறொன்றுக்கு: காயம்பட்டவருக்குத் தரும் பதக்கம், அவர் கப்பலில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.