வறட்சியும் நெருப்பும்

வானம் பொய்த்த ஆண்டில் பயிர் கருகும், ஏரி வறண்டு வெடிக்கும், மாடு மெலியும் என்பதை உழவர் வீட்டுக் குழந்தையும் அறியும். அத்தகைய ஆண்டில் ஊரே எரிந்து போகக்கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வறட்சி என்றால் நீர் குறைவது என்று மட்டுமே பொருள் கொள்கிறோம். நீர் குறைந்த இடத்தில் நெருப்பு வலிமை பெறுகிறது என்பது அதன் மறுபக்கம். அந்த மறுபக்கத்தைப் பற்றியே நேயர்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

நான் ஓமந்தூரைச் சேர்ந்தவன். திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள எங்கள் பகுதி, ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்வது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைவது. பனை மரம் மிகுந்தது. ஆகவே பனையோலையும் கரும்புத் தோகையும் வைக்கோலும் எங்கள் வீடுகளுக்குக் கூரையாயின. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை தை மாதத்திற்குள் ஓய்ந்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் கூரை உலரும். சித்திரை, வைகாசியில் மேல்காற்று எழும். உள்நாட்டு வெப்பத்தைச் சுமந்துவரும் அக்காற்று வலுத்துவிட்டால், கடற்காற்று உரிய வேளையில் கரையேறுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில், தெருவின் முதற் குடிசை பற்றிக்கொண்டபோது, இடையில் இருந்த ஓட்டு வீட்டைத் தாண்டி நான்காவது குடிசையின் முகட்டில் புகை எழுந்ததை நான் கண்டிருக்கிறேன். சுவாலை அவ்வளவு தூரம் செல்லவில்லை. காற்றில் பறந்த ஓலைத் துண்டு ஒன்றே சென்றது. உலகின் பெருநகரங்கள் எரிந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஓலைத் துண்டே அவற்றுக்கெல்லாம் விளக்கம் என்று எனக்குத் தோன்றும்.

ஈர விறகு எளிதில் பற்றாதது ஏன்? அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் வரையில், நாம் தரும் வெப்பமெல்லாம் அந்த வேலைக்கே செலவாகிறது. மரத்தின் ஈரம் மரத்திற்குக் காவல். வறட்சி அந்தக் காவலை நீக்கிவிடுகிறது. மெல்லிய புல் சில மணி நேரத்திலேயே உலர்ந்துவிடும்; தடித்த கட்டை உலர வாரங்களும் மாதங்களும் வேண்டும். ஆகவே ஒருநாள் வெயிலில் புல் மட்டுமே எரியத் தக்கதாகிறது. மாதக்கணக்கில் மழை பொய்த்தாலோ, புதரும் மரமும் வேலிப்படலும் வீட்டின் உத்தரமும் எல்லாம் ஒருங்கே எரியத் தக்கவையாகின்றன. உலகம் வெப்பமடைந்து வருவது இத்தீங்கை மேலும் வளர்க்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்க வல்லதாகிறது. மழையில்லாத நாளில் அந்தக் கூடுதல் தாகத்தை அது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சித் தீர்த்துக்கொள்கிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நல்ல மழையும் சில வேளைகளில் நெருப்புக்குத் துணை செய்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கே 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலத்தில் மழை மிகுதியாகப் பெய்தது. மலைச்சரிவுகளில் புல்லும் புதரும் செழித்தன. பிறகு 2024 மே மாதம் முதல் 2025 ஜனவரித் தொடக்கம் வரையில் மழை இல்லை என்றே சொல்லலாம். வளர்ந்தவை யாவும் உலர்ந்தன. 2025 ஜனவரி 7 அன்று, உள்நாட்டுப் பாலைநிலத்திலிருந்து மலைகளைக் கடந்து கடலை நோக்கி இறங்கும் சாண்டா ஆனா என்னும் வறண்ட காற்று புயலாக வீசிற்று. பாலிசேட்ஸ் பகுதியிலும் ஆல்டடீனாவிலும் மூண்ட நெருப்பில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 31 பேர் உயிர் இழந்தனர். மழை வளர்த்தது, வறட்சி உலர்த்தியது, காற்று எரித்தது.

செல்வம் மிகுந்த அந்த நகரில் நீர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நகரக் குழாய்கள் ஒரு வீடோ சில வீடுகளோ எரிந்தால் அணைப்பதற்காக அமைந்தவை. ஆயிரம் வீடுகள் ஒரே வேளையில் எரிந்தபோது, மேட்டுப் பகுதிக்கு நீர் தந்த மூன்று தொட்டிகளும் வற்றின. தெருக் குழாய்களில் அழுத்தம் குன்றிற்று. பலத்த காற்றினால் விமானங்களும் பறக்க இயலாமற்போயிற்று. நம் நாட்டில் இந்த இடர் இன்னும் கடியது. தமிழகத்தில் 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அத்தகைய ஆண்டில் தீயணைப்பு வண்டி விரைந்து வந்தாலும், அது மீண்டும் நீர் நிரப்பிக்கொள்ள ஏரியும் இராது, கிணறும் இராது.

ஹவாய்த் தீவுகளில் உள்ள லஹைனா என்னும் பழைய நகரம் 2023 ஆகஸ்டு 8 அன்று எரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு காலத்தில் அந்நகரைச் சூழ்ந்திருந்த கரும்புத் தோட்டங்கள் கைவிடப்பட்டபின், அங்கே அயல்நாட்டுப் புல் ஆளுயரம் மண்டியிருந்தது. காலையில் மின்கம்பியினால் மூண்ட சிறு நெருப்பு அணைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. பிற்பகலில் அது மீண்டும் உயிர்பெற்றது; மலையிலிருந்து இறங்கிய பெருங்காற்று அதனைக் கடற்கரை வரையில் ஓட்டிச் சென்றது. சாம்பலுக்குள் கிடந்த கங்கு ஒரு நகரத்தை உண்டுவிட்டது.

கரும்பு நின்ற நிலத்தில் காய்ந்த புல் நிற்பது எங்கள் பகுதிக்கும் புதிதன்று. நெடுஞ்சாலை ஓரங்களில் மனைகளாகப் பிரித்து, கல் நட்டு, வீடு எழும்பாமல் கிடக்கும் நிலங்களை வழிநெடுகக் காணலாம். அவற்றில் மாடும் மேய்வதில்லை, ஏரும் ஓடுவதில்லை. அணையாத ஒரு பீடித் துண்டும், குப்பைக்கு வைத்த நெருப்பும் அங்கே போதுமானவை. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று உலர்ந்த புல்லில் பரவிய நெருப்பு, மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்துகொண்டது. 23 பேர் மாண்டனர். சென்னையில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றிக்கொண்டு சில நாள்கள் புகைந்தது. காடும் எரிபொருள், கழனியின் புல்லும் எரிபொருள், நகரத்தின் குப்பையும் எரிபொருளே.

இனி விளைவுகளைக் கருதுவோம். முதலில் மாள்பவர் முதியோரும் நோயாளிகளுமே. கலிபோர்னியாவில் பாரடைஸ் என்னும் ஊர் 2018 நவம்பர் 8 அன்று எரிந்தபோது 85 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். அங்கே நெருப்பு நிலத்தடிக் குடிநீர்க் குழாய்களையும் கெடுத்தது. பென்சீன் என்னும் நஞ்சு நீரில் கலந்தது. வேர் எரிந்த மலைச்சரிவில் மண்ணுக்குப் பிடிப்பு இராது; அடுத்த பெருமழை சேற்றை ஊருக்குள் தள்ளும். வறட்சி நெருப்பைக் கொணர, நெருப்பு வெள்ளத்தைக் கொணர்கிறது.

எங்கள் பக்கத்துக் குடிசைவாசி இழப்பது வேறு வகையானது. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பது பழமொழி. உலர்ந்த ஓலைக்கூரை பிடுங்குவதற்கும் நேரம் தருவதில்லை. விதைமணிலா, கட்டியிருந்த ஆடு, பெண்ணின் திருமணத்திற்குச் சேர்த்த புடவை, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, நிலப் பட்டா ஆகியவை ஒரு நாழிகையில் மறைகின்றன. கூரையை மறுபடி வேய்ந்துவிடலாம். தான் இன்னார் என்று மெய்ப்பிக்கும் தாள்களைத் திரும்பப் பெற அந்த ஏழை எத்தனை அலுவலகப் படிகள் ஏறவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தனையும் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. பொறி விழுவதை முற்றிலும் தடுக்க எவராலும் இயலாது. பொறி விழும் இடத்தில் அதற்கு உணவு கிடையாதபடி செய்ய எல்லோராலும் இயலும். லண்டன் மாநகரம் 1666-ஆம் ஆண்டு செப்டம்பரில், வறண்ட கோடையின் இறுதியில், கீழ்காற்று வீசிய நாளில் எரிந்தது; 13,200 வீடுகள் அழிந்தன. அடுத்த ஆண்டே, புதிய வீடுகளைச் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டவேண்டும் என்று சட்டம் செய்தனர். தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் குடிசைகளுக்கு மாற்றாக 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதை நோக்கமாகக் கொண்டது. ஏழைக்குக் கிடைக்கும் உறுதியான கூரையைப் பெருமைக்குரிய பொருளாக மட்டும் கருதலாகாது. அது அவன் தெருவுக்கே காவல்.

கூரை மாறும் வரையில் நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. வைக்கோற்போரையும் மணிலாக்கொடிப் போரையும் வீட்டை ஒட்டி வைக்கலாகாது. வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலமேனும் சருகும் விறகும் இன்றித் துப்புரவாக இருத்தல் வேண்டும். கலிபோர்னிய வல்லுநரும் இன்று இந்த ஐந்தடியையே வற்புறுத்துகின்றனர். அடுப்புச் சாம்பலை நீர் தெளித்துக் கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆற்றிய பின்பே குப்பையில் கொட்டவேண்டும். மேல்காற்று எழுமுன் சமையலை முடித்துவிடு என்று எங்கள் ஊர்ப் பாட்டிமார் சொல்வதில் பொருள் இருக்கிறது. வெற்று மனைகளின் புல்லைப் பங்குனிக்கு முன்பே அறுத்து மாட்டுக்கு இடுவது ஊராட்சியின் கடமையாகட்டும். அதைக் கொளுத்தித் துப்புரவு செய்வது கேட்டை விலைக்கு வாங்குவதாகும். முக்கியமான தாள்களைத் தகரப் பெட்டியில் வைத்து, வாயிலருகே வையுங்கள். புகை கண்டவுடன் 101 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். முதலில் முதியோரை வெளியேற்றுங்கள். பொருளுக்காக உள்ளே திரும்பாதீர்கள்.

வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். உவமையாக அவர் சொன்னது எங்கள் களத்துமேடுகளில் உண்மையாகவே நிற்கிறது. அடுத்த மேல்காற்று எழுமுன் அந்தப் போரைச் சற்றுத் தள்ளிவைக்க ஒரு காலை நேரமே போதும்.