குழாய்ப் பியரை வீட்டுக்கு எப்போது வாங்கலாம்?



சென்ற மாதம் எமது சனிக்கிழமைக் கலந்துரையாடலில் வீட்டுச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, இந்தப் பியர் காய்ச்சிற இடங்களிலை பெரிய மண்ணிறப் போத்தலிலை குழாயாலை நிரப்பித் தாறாங்கள். ரின்னிலை வாங்கிறதை விட அது லாபமோ?" என்று கேட்டார். நான் வாயெடுக்குமுன் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. அடுத்த கிழமை முழுவதும் அழைப்புகள். பலர் பதிலைக் கேட்டார்கள். ஒரு மூத்தவர் மட்டும், "தமிழ் வானொலியிலை குடியைப் பற்றியும் பாடம் நடத்தப் போறியளோ தம்பி?" என்று கண்டித்தார்.

அவரது கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் பியரே இல்லை என்று பாவனை செய்துகொண்டு வரவு செலவுத் திட்டம் பேசுவது, பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு ஐந்தொகை தயாரிப்பது போன்றது. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள். இந்தக் கட்டுரையால் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. வாங்குபவர்களுக்கு, குறிப்பாக இங்கே ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்களுக்கு, என் தொழிற் கண்ணோட்டத்தில் ஒரு கணக்குச் சொல்கிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். சிறிய அளவில், தங்கள் சொந்தக் கைப்பக்குவத்தில் காய்ச்சும் நிறுவனங்களின் பியரைத்தான் 'கிறாஃப்ற்' பியர் என்கிறார்கள். அதைப் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோகும் போத்தலுக்குப் பெயர் 'கிறவுலர்'. அமெரிக்க அளவில் அரைக் கலன், அதாவது 1.89 லீற்றர் பிடிக்கும். 1880களில் அமெரிக்க நகரங்களில் தகர வாளியைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைத் தவறணைக்கு அனுப்பி, அப்பாவின் சாப்பாட்டு நேரத்துக்குப் பியர் எடுப்பித்தார்கள். அந்த வாளியின் பெயர்தான் இது. இன்றைய கண்ணாடிப் போத்தல் வடிவத்தை 1989இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு சிறிய பியர்ச்சாலை தொடக்கிவைத்தது. பின்னர் 946 மில்லிலீற்றர் பிடிக்கும் பெரிய ரின் ஒன்றும் வந்தது. கண்ணுக்கு முன்னாலேயே நிரப்பி மூடியை இயந்திரத்தால் பொருத்தித் தருவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மாற்றி வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதினால் அதுவும் 'கிறவுலர்'தான். ஆகவே இங்கே நான் போத்தல் என்றால் 1.89 லீற்றர்க் கண்ணாடிப் போத்தல் என்று கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஆட்களுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஊரில் கள்ளைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். காலையில் இறக்கிய கள்ளுக்கு ஒரு ருசி, மத்தியானத்துக்கு வேறு ருசி, அடுத்த நாள் புளிப்பு, அதற்குப் பிறகு வினாகிரி. என்னுடைய பெரியப்பா தவறணைக்குப் போனால் முதலில் விலை கேட்கமாட்டார்; "எப்ப இறக்கினது?" என்றுதான் கேட்பார். பீப்பாய்ப் பியர் கள்ளைப் போல அவ்வளவு அவசரமாக மாறுவதில்லை, அடுத்த நாளே வினாகிரி ஆவதுமில்லை. ஆனால் பீப்பாயை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து அதற்கும் மணிக்கூடு ஓடத் தொடங்கிவிடும்.

பீப்பாய்க்குள் பியர் குளிராகவும் இருட்டிலும் காபனீரொட்சைட்டின் அழுத்தத்திலும் இருக்கிறது. ஒட்சிசன் கிட்ட வருவதில்லை. குழாயைத் திறந்து வெறும் போத்தலுக்குள் ஊற்றும்போது நுரை பொங்கி வாயு போகிறது, போத்தலில் இருந்த காற்று பியரோடு கலக்கிறது. வாயு போனால் பியர் சப்பென்று ஆகும். ஒட்சிசன் சேர்ந்தால் நாளடைவில் நனைந்த மட்டைப்பெட்டி போன்ற ஒரு வாசம் வரும். இதில் நஞ்சு ஒன்றும் இல்லை. காசு கொடுத்த ருசிதான் போகிறது. மூன்றாவது எதிரி வெளிச்சம். பியருக்குக் கசப்பைக் கொடுக்கும் ஹொப் பூவில் உள்ள பொருட்கள் வெளிச்சம் பட்டால் மாறி, இங்கே இரவில் குப்பைத் தொட்டியைக் கிளறவரும் ஸ்கங்கின் நாற்றத்தை ஒத்த மணத்தைத் தரும். போத்தல் மண்ணிறமாக இருப்பதற்குக் காரணம் அழகல்ல.

நிரப்பும் முறை இரண்டு. சாதாரணமாகக் குழாயில் ஒரு றப்பர்க் குழலை மாட்டிப் போத்தலின் அடியிலிருந்து நிரப்புவார்கள். இப்படி நிரப்பியது, திறக்காமல் பிறிட்ஜில் வைத்தால் மூன்று நாட்கள் நன்றாக இருக்கும், ஒரு கிழமைக்கு மேல் நம்பவேண்டாம். சில இடங்களில் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அது முதலில் காபனீரொட்சைட்டைச் செலுத்திக் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தின் கீழ் நிரப்பும். இது சில கிழமைகள் தாங்கும். ஆனால் எப்படி நிரப்பியிருந்தாலும் மூடியைத் திறந்துவிட்டால் அன்றைக்கு, மிஞ்சிப்போனால் மறுநாள். அதற்குப் பிறகு குடிப்பது பியரின் ஞாபகத்தைத்தான்.

எந்தப் பியர் என்பதும் முக்கியம். ஹொப் மணம் தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகைதான் மிக விரைவில் தன் மணத்தை இழக்கும். கருமையான, மதுசாரம் கூடிய ஸ்டவுட் வகை கொஞ்சம் பொறுத்துப்போகும். ஆனால் நைதரசன் வாயுவில் ஊற்றும் ஸ்டவுட்டைப் போத்தலில் கேட்காதீர்கள். அந்தப் பாலாடை போன்ற நுரை விசேட குழாயால் வருவது, வீட்டுக்கு உங்களோடு வராது.

இனி விலைக்கு வருவோம். நாங்கள் கடையில் காணும் பெரிய ரின் 473 மில்லிலீற்றர். நான்கு ரின் சேர்ந்தால் 1.892 லீற்றர், ஒரு போத்தலும் நான்கு ரின்னும் கிட்டத்தட்டச் சமன். எனவே ஒப்பிடுவது சுலபம். உதாரணத்துக்கு ஒரு ரின் 4 டொலர், போத்தல் 14 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ரின் 16 டொலர். போத்தலில் 2 டொலர் மிச்சம் என்று தெரிகிறது. ஆனால் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு சப்பென்றாகி அதைத் தொட்டியில் ஊற்றினால், 14 டொலருக்கு நீங்கள் குடித்தது 1.26 லீற்றர். லீற்றர் 11 டொலருக்கு மேல். ரின்னிலோ லீற்றர் 8 டொலர் 46 சதம்தான். ரின்னுக்குள் வெளிச்சம் போகாது, காற்று மிகக் குறைவு, தேவைப்படும்போது ஒன்றை மட்டும் திறக்கலாம். ஒன்ராறியோவில் 2015 டிசம்பரிலிருந்து சில பலசரக்குக் கடைகளிலும், 2024 செப்ரெம்பரிலிருந்து மூலைக் கடைகளிலும் பியர் விற்கிறார்கள். ஆகவே ரின் வாங்கத் தூரம் போகவும் தேவையில்லை. கண்ணாடிப் போத்தலுக்கு முதல் தடவை வைப்புப்பணம் வேறு வாங்குவார்கள். அது செலவு அல்ல, ஆனால் போத்தல் உங்கள் நிலவறையில் கிடக்குமட்டும் அந்தக் காசும் அங்கேதான் கிடக்கும்.

இந்தக் கணக்கு எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் பிழைவிட்ட கதையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு முழுக் கணக்குக் காட்டியவன் ஆகமாட்டேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாத வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வரும் வழியில், மலிவாக இருக்கிறதே என்று 7 வீத ஐபிஏ ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தேன். மனைவிக்கு அன்று இரவு வேலை. மகள் பல்கலைக்கழகத்தில். ஏழு மணிக்குத் திறந்தேன். இரண்டு கிளாசோடு நிறுத்துவதாகத்தான் எண்ணம். ஆனால் மூடியைத் திறந்தாயிற்று, நாளைக்குச் சப்பென்றாகிவிடும், காசு கொடுத்தது என்று ஒரு கணக்காளனின் மனம் கணக்குப் போட்டது. பத்தரை மணிக்குப் போத்தல் முடிந்தது. பத்தே முக்காலுக்கு மகளின் அழைப்பு. நூலகத்தால் வெளிக்கிட்டு நிற்கிறாள், கடும் பனி, பஸ்ஸைக் காணவில்லை, "அப்பா, வந்து ஏத்துறீங்களோ?" என்று கேட்டாள்.

கார்த் திறப்பு மேசையில்தான் இருந்தது. நான் ஏலாது என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் குளிரில் முக்கால் மணித்தியாலம் நின்று, கடைசியாக வந்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். ஏறி வந்த படிகளில் அவளது சப்பாத்தின் பனி உருகிக் கிடந்தது.

அடுத்த நாட்காலை வெறும் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். "இது முழுக்க நீங்களே அப்பா?"

"மிச்சம் விட்டால் பழுதாப் போயிடும் பிள்ளை."

"பழுதாப் போனா ஊத்தியிருக்கலாம்தானே?"

கிரயக் கணக்கீட்டுப் பாடத்தில் முதல் வருடமே படிப்பித்தது இது. கொடுத்து முடிந்து திரும்பி வராத காசை அடுத்த தீர்மானத்தில் சேர்க்கக்கூடாது. பட்டம் எடுத்து, முப்பது வருடம் மற்றவர்களுக்கு அதையே சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். வேறு பாடம் படிக்கிற பிள்ளை அதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுக் கோப்பி போடப் போனாள்.

அன்று நான் குடித்தது எவ்வளவு என்று பிறகு கணக்குப் பார்த்தேன். கனடாவில் 5 வீத மதுசாரமுள்ள 341 மில்லிலீற்றர்ப் பியரை ஒரு 'நியமக் குடி' என்று கணக்கிடுகிறார்கள். 5 வீதப் பியர் ஒரு போத்தலில் ஐந்தரை நியமக் குடி இருக்கிறது. 7 வீதமென்றால் ஏழே முக்கால். 2023 ஜனவரியில் வெளிவந்த கனடாவின் வழிகாட்டல், கிழமைக்கு ஒன்று இரண்டு நியமக் குடி என்றால் ஆபத்துக் குறைவு, மூன்று முதல் ஆறுவரை நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் என்றால் ஆபத்துக் கூடிக்கொண்டே போகும் என்கிறது. கிழமைக் கணக்கு அது. நான் ஒரு இரவில், தனியாக, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அதைத் தாண்டியிருந்தேன். ரின் என்றால் இரண்டாவதோடு கை நின்றிருக்கும்; மூன்றாவதைத் திறப்பது ஒரு புதுத் தீர்மானம். பெரிய போத்தலில் ஒரே ஒரு தீர்மானம்தான், அதையும் ஏழு மணிக்கே எடுத்து முடித்துவிடுகிறோம்.

ஆகவே கேள்வி கேட்ட நேயருக்கு என் பதில்: விலையைக் கடைசியில் பாருங்கள், முதலில் தலைகளை எண்ணுங்கள். திறக்கும் அன்றைக்கே குடிக்க மூன்று நாலு பேர் இருக்கிறார்களா? நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பெரிய ரின் அளவு. இருவர் மட்டும் என்றால் 946 மில்லிலீற்றர் ரின் கேளுங்கள். ஒருவர் என்றால் அங்கேயே ஒரு சிறிய கிளாஸ் ருசி பார்த்துவிட்டு, அவசரப்படாமல் இருந்து பிறகு வீட்டுக்குப் போங்கள். அடுத்தது, அந்தப் பியர் ரின்னிலும் வருகிறதா என்று விசாரியுங்கள். வருகிறதென்றால் போத்தலுக்குத் தேவையே இல்லை. குழாயில் மட்டும் கிடைக்கும், ஒரு பருவத்துக்கு மட்டும் காய்ச்சும் பியர் என்றால்தான் போத்தலுக்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. பெரியப்பாவின் கேள்வியையும் மறக்கவேண்டாம்: பீப்பாய் எப்போது திறந்தது? குழாய்களை எப்போது கழுவினீர்கள்? இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவவேண்டும் என்பது அமெரிக்காவின் பியர் காய்ச்சுவோர் சங்கம் சொல்லும் அளவு. நல்ல இடத்தில் இதைக் கேட்டால் சந்தோசமாகப் பதில் சொல்வார்கள். முகத்தைச் சுழித்தால் ரின்னை வாங்கிக்கொண்டு வாருங்கள். எல்லா இடங்களிலும் நிரப்பித் தருவதில்லை என்பதால் போகமுன் தொலைபேசியில் கேட்பது நல்லது.

விருந்து சனி மாலை என்றால் சனி மத்தியானம் வாங்குங்கள், வியாழக்கிழமை வேண்டாம். மற்ற அலுவல்களை முடித்து, கடைசியாக அங்கே போய் நேரே வீட்டுக்கு வாருங்கள். யூலை வெயிலில் கார் டிக்கிக்குள் விட்டால் பியரில் கரைந்திருந்த வாயு வெளியேறிப் போத்தலுக்குள் அழுத்தம் ஏறும். கண்ணாடி வெடித்த சம்பவங்களும் உண்டு. விளிம்புமட்டும் நிரப்பித் தரச் சொல்லாதீர்கள், மேலே கொஞ்சம் வெளி இருக்கத்தான் வேண்டும். மாரியில் மறதியாய்க் காருக்குள் விட்டால் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகையிலேயே பியர் உறையத் தொடங்கி, விரிந்து போத்தலை உடைக்கும். ஒன்ராறியோச் சட்டப்படி காரில் கொண்டுபோகும் மது திறக்கப்படாமல் முத்திரையோடு இருக்கவேண்டும், இல்லையென்றால் காரில் இருப்பவர் கைக்கு எட்டாதபடி மூடிக் கட்டிய பொதிக்குள் இருக்கவேண்டும். மூடிக்கு மேல் முத்திரை நாடா ஒட்டித் தரும்படி கேளுங்கள், குளிர்ப்பையில் வைத்து டிக்கியில் போடுங்கள். 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், ஜி1, ஜி2 அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களும் மதுசாரம் ஒரு துளியும் இல்லாமல்தான் வாகனம் ஓட்டலாம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

போன மாதம் மைத்துனர் குடும்பம் மொன்றியலில் இருந்து வந்தபோது ஒரு போத்தல் எடுத்தேன். ஆறு மணிக்குத் திறந்தோம், நாலு பேர், ஆட்டிறைச்சி வறுவலோடு ஏழரைக்குள் முடிந்தது. மகள் அன்று தன் காரில் வந்திருந்தாள், தொடவில்லை. "கடைசிக் கிளாஸ் ஆருக்கு?" என்று மைத்துனர் கேட்டார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பிறகு போத்தலை உடனேயே சுடுநீரில் மூன்று தரம் அலசி, சவர்க்காரம் போடாமல் (சவர்க்காரம் ஒட்டினால் அடுத்த தடவை நுரை நிற்காது), மூடியைக் கழற்றித் தலைகீழாகக் காயவைத்தேன். இப்போது அது நிலவறைத் தட்டில் இருக்கிறது. அடுத்த விருந்து ஓகஸ்டில்.