மலைப்பாதையும் காரின் தகுதியும்

பாலசமுத்திரம், சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த மண்டலம். இப்பகுதிக் குடும்பங்கள் சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ திருமலை சென்று திரும்புவதுண்டு. சமவெளியில் பல மாதங்கள் மறைந்திருந்த பழுது, மலையிறங்கும் சிறிது நேரத்தில் வெளிப்பட்டுவிடக்கூடும்.

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாவது பாதை அமைந்தது. இன்று ஊர்திகள் புதிய பாதையில் ஏறி, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பழைய பாதையில் இறங்குகின்றன.

இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதிப்பதால் உராய்வு வெப்பம் பெருகி, பிரேக் பேடுகள் பிடிமானத்தை இழக்கின்றன. பிரேக் ஆயிலின் நிலை இதனினும் கவனத்துக்குரியது. அது காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழ்கிறது. கடும் வெப்பத்தில் ஆவிக் குமிழிகள் தோன்றினால், அவை தாம் அழுந்துமேயன்றி மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குச் செலுத்தமாட்டா. மிதி அடிவரை இறங்கும், கார் நிற்காது. அளவு குறையவில்லை என்று பலர் இந்த ஆயிலை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டுவிடுகின்றனர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதே பொதுவான பரிந்துரை. தாழ்ந்த கியரில் இறங்கினால், வேகத்தை அடக்கும் பணியில் ஒரு பங்கை எஞ்சினே ஏற்கும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு பேருந்து, லாரி, வாடகைக் கார் ஆகியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியுள்ளது. எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் இது புதுப்பிக்கப்பட வேண்டும். சொந்தக் காரின் பதிவோ 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதி பார்க்கப்படுகிறது. அதற்குள் கார் இரண்டு மூன்று கை மாறியிருப்பதும் உண்டு. இங்கிலாந்தில் மூன்று ஆண்டு நிறைந்த கார் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகிறது. நமது இடைவெளி மிக நீண்டது என்றே கூறவேண்டும்.

2022இல் நாட்டின் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். பெரும்பாலானவற்றுக்கு அதிவேகமே காரணமெனப் பதிவாயிற்று. உரிய தொலைவில் நிற்க இயலாத காரும் இக்கணக்கில் கலந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

டயரின் நிலையும் இத்தகையதே. கார் டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. பள்ளங்களுக்குள் உள்ள சிறு மேடுகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது எனலாம். அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற காரில் பள்ளம் ஆழமாகவே இருக்கும். ஆயினும் ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் வெடிப்புகள் கண்டிருக்கும். பயணத்துக்கு முன்தினம் காரைக் கழுவித் துடைப்போர், சக்கரங்களைக் கழற்றிப் பேடுகளின் தடிப்பையும் டயரின் உட்பக்கத்தையும் பட்டறையில் பார்க்கச் செய்ய ஓரிரு மணி நேரமே பிடிக்கும்.