நடுவயதும் பளுவும்

கலியாணப் பந்தியில் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து உண்டு, இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, ஒரு கை தன்னையறியாமல் தரையில் ஊன்றுவதும் மறுகை முழங்காலைப் பற்றுவதும் எந்த வயதில் வழக்கமாயின என்று கேட்டால், பெரும்பாலோருக்கு விடை சொல்லத் தெரியாது. என் விஷயத்தில் அது நாற்பத்தாறாம் வயது. அன்று எனக்குக் கைகொடுத்து எழுப்பிய பக்கத்து இலைக்காரர் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர் என்பதனாலேயே அந்த நாள் நினைவில் நிற்கிறது. இளமை முதல் பஸ்கி எடுப்பதை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை என்று பின்னர் அறிந்தேன். அதன்பின் இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்தவற்றையும் செய்து கண்டவற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மனித சரீரத்தில் எலும்புகளை அசைப்பதற்கென்று அறுநூறுக்கு மேற்பட்ட தசைகள் உள்ளன. உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அவற்றுக்கு உரியது. ஒவ்வொரு தசையும் மயிரிழை போன்ற நார்களின் கற்றை. அந்த நாருக்குள்ளும் தடித்தவை, மெல்லியவை என இருவகை நுண்ணிழைகள் ஒன்றினிடையே ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் தாம் சுருங்குவதில்லை, ஒன்றையொன்று உராய்ந்து உட்புறமாக நழுவுகின்றன என்ற உண்மையை, ஹக்ஸ்லி என்ற ஒரே குடும்பப்பெயரைக் கொண்டும் உறவினர் அல்லாத இருவர், தத்தம் துணைவர்களோடு, 1954-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரே சமயத்தில் வெளியிட்டனர்.

நார்களிலும் இருபெரும் வகுப்புகள் உண்டு. நிற்பதற்கும் நடப்பதற்கும் உதவும் மந்தகதி நார்கள் களைப்பறியாதவை. துரிதகதி நார்களோ பெரும் வேகத்தையும் விசையையும் தந்து விரைவில் ஓய்ந்துவிடுபவை. நரம்பு மண்டலம் எந்த வேலைக்கும் முதலில் சிறிய, மந்தமான நார்க்குழுக்களையே எழுப்புகிறது. பாரம் மிகும்போதுதான் பெரியவற்றுக்கு அழைப்பு போகிறது என்பதை எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் நிலைநாட்டினார். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்குப் பின் அக்குறைவு விரைவடைகிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்தச் சேதத்தில் முதன்மையாக மெலிபவை இந்தத் துரிதகதி நார்களே. ஈரமான குளியலறையில் கால் வழுக்கிய கணத்தில் மறுகாலை விசுக்கென்று முன்வைத்து நம்மைத் தாங்குபவையும் அவையே. இர்வின் ரோசன்பர்க் என்பவர், சதை என்றும் வறுமை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, இந்தத் தேய்வுக்கு ‘சார்க்கோபீனியா’ என்று பெயரிட்டார். தசைவறுமை என்று நாம் சொல்லலாம்.

நம்மவர்களில் நடுவயதினர் பலர் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் தேகப்பயிற்சி முடிந்தது என்று திருப்தியடைவதைக் காணும்போது எனக்கு உண்டாகும் கவலைக்குக் காரணம் இதுவே. நடை இருதயத்துக்கும் மனத்துக்கும் செய்யும் நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சமதரையில் எத்தனை மைல் நடந்தாலும், உறங்கிக்கிடக்கும் அந்தப் பெரிய நார்களுக்கு அழைப்பு போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையில், நடை முதலிய பயிற்சிகளுக்கு மேலாக, வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று தனியாகவே கூறியிருக்கிறது.

பளுவைப் படிப்படியாக ஏற்றுவது ஒரு சாஸ்திரமாக உருப்பெற்றது இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில். சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனைக்கு முழங்கால் சிதைந்த சிப்பாய்கள் பலர் வந்தனர். நெடுநாள் படுக்கையில் தொடை சூம்பிப்போன அவர்களுக்கு இலேசான அசைவுகளைப் பலமுறை செய்விப்பதே அக்கால வைத்திய முறை. சிறுபிராயத்தில் ருமாட்டிக் காய்ச்சலால் படுத்த படுக்கையாகி, பிற்பாடு பளு தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவரான தாமஸ் டெலார்ம் என்ற இளம் மருத்துவர், அந்த முறைக்கு மாறாக, நோயாளியின் காலில் இரும்புப் பாதுகை ஒன்றைக் கட்டி, அதில் எடையைக் கோத்து, தூக்க முடிந்த அளவு கனத்தைக் குறைந்த தடவைகள் தூக்கச் செய்தார். கால்கள் தேறின, 1945-இல் அவர் தம் முறையைப் பிரசுரித்தார். பின்னர் ஆர்தர் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து அதை மூன்று சுற்றுகளாகச் சுருக்கினார்: பத்து தடவைக்கு மேல் தூக்க முடியாத எடையைக் கண்டறிந்து, முதற்சுற்றில் அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுமை, ஒவ்வொன்றும் பத்து தடவை. பயிற்சிக்கூடங்களில் இன்று ‘செட்’ என்று சொல்லி எண்ணுவதற்கு மூலம் பெரும்பாலும் இதுவே.

நீர்க்குடம் சுமந்தும் உலக்கை பிடித்தும் வாழ்ந்த நம் பாட்டிமாருக்கு இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டியிருந்ததா என்று கேட்பவர் உண்டு. அவர்கள் வலியவர்கள்தாம், ஆயினும் உழைப்பு தன் பாரத்தை அவர்களுடைய சக்திக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் செய்யவில்லை, களைத்த நாளில் ஓய்வும் தரவில்லை, இடுப்பு ஒடிந்து, முதுகு கூனிப் போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். பயிற்சி என்பது அளந்த பாரம், அளந்த ஓய்வு, சிறுகச்சிறுக ஏற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்தது.

இந்த ஏற்றத்தை நம் தேகப்பயிற்சிச் சாலைகளின் ஆசான்கள் நன்கு அறிந்திருந்தனர். இலேசான கர்லாக்கட்டையில் கைபழகிய பின்னரே கனத்த கட்டைக்குச் செல்வது அங்கு முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இங்கிருந்து கொண்டுபோன இந்தக் கலை மேல்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் வரை பரவி, 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸிலும் 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸிலும் நடந்த ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம்பெற்றது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அது மிகவும் உகந்தது. கால்களுக்கோ பஸ்கியைத்தான் நாடவேண்டும்.

தொடங்குபவருக்குக் கருவி எதுவும் தேவையில்லை. நாற்காலி நுனியில் அமர்ந்து கையுதவியின்றி எழுந்து, மெல்ல அமர்வது, சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பது, நீர் நிறைத்த வாளிகளை இரு கையிலும் ஏந்தி நடப்பது ஆகியவை போதும். பத்துப் பன்னிரண்டு தடவை செய்கையில் கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்கவேண்டும். அவை சுலபமானதும் மார்போடு ஓர் அரிசிப் பையை அணைத்துக்கொள்ளலாம். முதல் சில வாரங்களில் தசை பருக்கும் முன்பே வலிமை கூடுவதைக் கண்டு பலர் வியப்பர். நரம்புகள் அதிக நார்களை ஒருசேர அழைக்கக் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாட்களில் வேலை தரலாகாது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும். இருதய நோய், மிகை இரத்த அழுத்தம், சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரைப் பாதிப்பு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்கவேண்டும். உணவில் பருப்பு, மோர், முட்டை, மீன் போன்றவற்றின் பங்கு உயரவேண்டும். சோறும் ரசமும் மட்டும் தசையைக் கட்டமாட்டா.

வயது கடந்துவிட்டது என்பவருக்குப் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த பரிசோதனையைச் சொல்லலாம். மரியா ஃபியாட்டரோனும் துணைவர்களும் 1990-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப்பேர் எட்டு வாரம் கால்களுக்குப் பளுப்பயிற்சி எடுக்க முன்வந்தனர்; பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் பெருகியது.

நம் பெண்கள், பளு ஆண்களுக்கு உரியது என்று ஒதுங்குவது என்னை மிகவும் வருத்துகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து மெலிவது அவர்களுக்கே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், எலும்பு மெலிந்த, ஐம்பத்தெட்டைக் கடந்த பெண்கள் வாரத்துக்கு இருமுறை அரைமணி நேரம், ஆசிரியர் முன்னிலையில் எட்டு மாதம் கனத்த பளு தூக்கினர். முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்குச் சராசரியாக 2.9 சதவீதம் உயர, வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. தரையிலிருந்து பளுவை எடுத்து நிமிர்வது, தோளில் தாங்கிக் குந்தி எழுவது, தலைக்குமேல் உயர்த்துவது ஆகியவையே முக்கியப் பயிற்சிகள். ஆனால் முதல் மாதம் முழுவதும் அப்பெண்கள் தம் உடல் எடையையும் இலேசான பாரத்தையும் கொண்டு, குனிவதும் நிமிர்வதும் எப்படி என்பதையே கற்றுக்கொண்டிருந்தனர்.