பூனைக்கும் கிரியாட்டினின்

தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுப் பூனை செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்று. பெரும்பாலானவர்கள் யோசிப்பார்கள். அந்தக் காலத்தில் பூனை சாகாது, காணாமல் போகும். இரண்டு நாள் எதையும் தின்னாமல் குதிருக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். மூன்றாம் நாள் அந்த இடம் காலியாக இருக்கும். "எங்கேயோ போயிடுச்சு" என்று பாட்டி சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்ச நாளில் வைக்கோற்போரில் இன்னொரு பூனை குட்டி போட்டிருக்கும். எலிக்கும் பஞ்சமில்லை, பூனைக்கும் பஞ்சமில்லை.

உடம்பு சரியில்லாத பூனை ஒளிந்துகொள்வது அதன் இயல்பு. தான் வேட்டையாடும் பிராணி என்றாலும், தன்னைவிடப் பெரிய பிராணிகளுக்கு அது இரையும்கூட. பலவீனத்தை வெளியே காட்டினால் உயிர் தப்பாது. கொல்லையும் தோப்பும் திறந்து கிடந்தவரை அந்த இயல்புக்கு இடம் இருந்தது, நமக்கும் அது வசதியாக இருந்தது. இன்று சென்னையில் ஆறாவது மாடி ஃபிளாட்டில், பால்கனிக்கு வலை அடித்த வீட்டில், பூனை எங்கே போய் ஒளியும்? கட்டிலுக்கு அடியில்தான். அங்கிருந்து டார்ச் அடித்து, துண்டில் சுற்றி வெளியே எடுத்து, டாக்டரிடம் கொண்டுபோகிறோம். பூனையின் நோய் அதன் சொந்த விஷயமாக இருந்த காலம் முடிந்து, வீட்டாரின் வேலையாக மாறியது இப்படித்தான். பாசம் கூடியதால் வந்த மாற்றம் என்று சிலர் சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை. கதவு மூடியதற்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

அன்று பூனைக்கு வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அது தானே அருகம்புல்லை மென்று வாந்தி எடுக்கும். குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் அதன்மேல் புரண்டு கிறங்கும், ஆனால் அது வைத்தியம் இல்லை, கேளிக்கை. சண்டையில் காது கிழிந்து வந்தால் மஞ்சளைக் குழைத்துத் தடவுவார்கள், அதுவும் பூனை கையில் அகப்பட்டால்தான். கால்நடை ஆஸ்பத்திரி என்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உரிய இடம். பூனையைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தால் கம்பவுண்டரே சிரித்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில் நாட்டுக்குத் தேவைப்பட்டவர்கள் மாட்டையும் குதிரையையும் பார்க்கத் தெரிந்தவர்கள்தான். மேல்நாடுகளிலும் பூனை வெகுகாலம் சின்ன நாயாகவே நடத்தப்பட்டது. பூனைகளுக்கு ரத்தப் புற்று உண்டாக்கும் வைரஸைக் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழு கண்டது 1964இல். எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் இன்னொரு வைரஸ் கலிபோர்னியாவில் பிடிபட்டது 1986இல். பூனை மருத்துவத்தின் பெரும்பகுதிக்கு நம் பெற்றோரின் வயதுதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலும் சோறும் பிசைந்து வைத்த பூனை நன்றாகத்தானே இருந்தது என்ற வாதம் இன்றும் எல்லாக் குடும்பக் கூட்டத்திலும் வரும். இருந்தது உண்மை, ஆனால் பால்சோற்றால் இல்லை. டாரின் என்ற சத்து பூனை உடம்பில் போதிய அளவு உற்பத்தியாவதில்லை, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று 1975இல் கண்டார்கள். 1987இல் பால் பியான் என்ற மருத்துவரின் குழு இன்னொன்றைக் காட்டியது. இதயத் தசை பலூனாக விரிந்து பூனைகள் செத்துக்கொண்டிருந்ததற்குக் காரணமும் அந்தக் குறைதான். அந்தப் பூனைகள் தின்றது, கடையில் விற்ற பூனை உணவு! டாரினைச் சேர்த்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது, கம்பெனிகளும் செய்முறையை மாற்றிக்கொண்டன. நம் கொல்லைப் பூனைக்கு அந்தச் சத்தைக் கொடுத்தது எலியும் பல்லியும் மீன் தலையும். பாட்டியின் பால்சோறு மேலுக்குத்தான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலே செரிக்காது என்பது தனிக் கதை. வெளியே போகாத ஃபிளாட் பூனைக்குத் தயிர்சாதம் மட்டும் வைத்து "நாங்க சைவம்" என்பவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

அந்தக் காலத்தில் பூனைக்குச் செய்த நல்லெண்ண வைத்தியங்களில் சில, வைத்தியம் செய்யாமல் இருந்ததைவிட மோசம். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டை உடைத்துப் புகட்டியவர்கள் உண்டு. மனிதக் கல்லீரல் அந்த மருந்தைச் செயலிழக்க வைக்கும் வழி பூனையிடம் ஏறக்குறைய இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், ஒரே மாத்திரையில் உயிர் போய்விடலாம். ஆண் பூனை மண்ணைப் பறித்து உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். பெரும்பாலும் அது சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் நஞ்சு ஏறி இதயம் நின்றுவிடும். இன்று அதே முக்கலைப் பார்த்ததும் ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ பிடிக்கிறார்கள், குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றுகிறார்கள், பூனை பிழைக்கிறது. "ரெண்டு நாள் வயிறு காயட்டும், சரியாயிடும்" என்ற பட்டினி வைத்தியமும் இப்படித்தான். குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் நிறைந்து, அதுவே தனி நோயாகிவிடும்.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரத்தை முழுசாகக் காட்டுவது சிறுநீரக நோய்தான். வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் ஈரத்தைக் கொண்டே சமாளித்து, இருக்கிற தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் உடம்பு. அந்தச் சிறுநீரகம் வயதான காலத்தில் தேய்கிறது. முதல் அறிகுறி யாருக்கும் சந்தேகம் தராது: பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும். "வெயில் இல்லையா, நல்லாக் குடிக்குது" என்று சந்தோஷப்படுவார்கள். பிறகு முதுகெலும்பு கையில் தட்டும், முடி பொலிவிழக்கும், வாய் நாறும். பழைய வீட்டில் இதற்குப் பெயர் 'வயசாயிடுச்சு'. புது வீட்டில் இதற்கு எண் இருக்கிறது.

சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலையை இழந்த பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு தெளிவாக ஏறத் தொடங்கும். 1998இல் உருவான ஐரிஸ் என்ற சர்வதேசக் குழு, பூனையின் நோயை நான்கு நிலைகளாகப் பிரித்தது. கிரியாட்டினின் அளவு 1.6க்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 2.8 வரை இரண்டாவது, 5 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. 2015 முதல் எஸ்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனை நோயை இன்னும் முன்னதாகக் காட்டுகிறது. தேய்ந்தது திரும்பாது. பாஸ்பரஸ் குறைந்த உணவு, ரத்த அழுத்த மாத்திரை, குமட்டலுக்கு மருந்து, நீர்ச்சத்து ஆகியவற்றால் தேய்மானத்தைத் தள்ளிப்போடலாம். இரண்டாம் நிலையில் கண்டுபிடித்த பூனை ஆண்டுக்கணக்கில் இருப்பது சாதாரணம்.

ஆகவே, ஹால் ஜன்னல் கம்பியில் ரிங்கர் லாக்டேட் பாட்டில் தொங்குகிறது. குளிர்ந்த நீர் உள்ளே போனால் பூனை நெளியும் என்பதால் பாட்டிலை முதலில் வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குகிறார்கள். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அந்த மடிப்பில் ஊசியைச் செருக வேண்டும். நரம்பு தேட வேண்டியதில்லை, தோலுக்கு அடியில் போனால் போதும். பல பூனைகளுக்கு டாக்டர் சொல்லும் அளவு 100 மி.லி. அளவில் இருக்கும். இதயம் பலவீனமான பூனைக்கு அதுவே ஆபத்து, அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். போன நீர் கொஞ்ச நேரம் ஒரு பக்கத் தோளில் புடைத்துக்கொண்டு நிற்கும், விருந்தாளிகள் பார்த்துப் பதறுவார்கள். மருந்துக் கடையில் ஐ.வி. செட்டும் ஸ்கால்ப் வெயினும் கேட்டால் "பேஷண்ட் பேரு?" என்கிறார் கடைக்காரர். "மணி" என்றால் பில்லில் 'திரு. மணி' என்று அச்சாகி வருகிறது.

சர்க்கரை நோயில் இன்னொரு வேடிக்கை. தாத்தாவின் இன்சுலினும் பூனையின் இன்சுலினும் ஒரே ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே மருந்தைவிட சிரிஞ்சில்தான் கவனம் வேண்டும். சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். தாத்தாவுக்கு அரிதான ஒரு வாய்ப்பு பூனைக்கு உண்டு. மாவுச்சத்துக் குறைந்த உணவும் இன்சுலினும் சீக்கிரமே தொடங்கினால், சில பூனைகள் மாதக்கணக்கில் இன்சுலினையே விட்டுவிடுகின்றன. ஆனால் இந்த நோய் கொல்லைப் பூனைக்கு எத்தனை தடவை வந்திருக்கும்? ஓடாமல், ஏறாமல், நாளெல்லாம் தட்டில் உலர் உணவு நிரம்பியிருக்க, சோபாவில் கிடந்து பருத்த பூனைக்குத்தான் இது அதிகம். நாம் கொடுத்த வாழ்க்கையின் பில்லை நாமே கட்டுகிறோம். ஆஸ்துமாவும் அப்படி. பூனை முடியால் குழந்தைக்கு இழுப்பு வரும் என்று பயந்த வீட்டில், கொசுவர்த்திப் புகையிலும் சாம்பிராணியிலும் பூனைக்கு இழுப்பு மோசமாகி, முகமூடி வைத்த இன்ஹேலரில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் எஃப்.ஐ.பி. 1963இல் பாஸ்டனில் முதலில் விவரிக்கப்பட்ட நோய். பூனைக் குடலில் சாதுவாக வாழும் கொரோனா வைரஸ் சில பூனைகளுக்குள் உருமாறி வயிற்றில் நீர் கோக்க வைக்கும். அதிகமும் பாதிக்கப்படுவது குட்டிகளும் இளம் பூனைகளும். வெகுகாலம் அதன் பெயரைச் சொன்னாலே சாவு என்றுதான் அர்த்தமாக இருந்தது. கலிபோர்னியாவின் நீல்ஸ் பெடர்சன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த நோய்க்குச் செலவிட்டவர். அவர் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஜி.எஸ்.-441524 என்ற மருந்து பெற்ற 31 பூனைகளில் 25 நீண்ட நாள் பிழைத்தன. சிகிச்சை குறைந்தது 84 நாள். பின்னால் கோவிட்டுக்கு வந்த ரெம்டெசிவிருக்கு நெருங்கிய உறவு அந்த மருந்து. ஆனால் பூனைக்கென்று அதைச் சந்தைக்குக் கொண்டுவர உரிமை வைத்திருந்த நிறுவனம் முன்வரவில்லை. உலகமெங்கும் பூனைக்காரர்கள் சீனாவிலிருந்து கள்ளத்தனமாகக் குப்பிகளை வரவழைத்தார்கள், பிழைத்த பூனையின் மிச்ச மருந்து அடுத்த பூனைக்குப் போனது. பிரிட்டனில் 2021இலும் அமெரிக்காவில் 2024இலும்தான் டாக்டர் சீட்டில் வாங்கும் வழி பிறந்தது. இடையில், 2023இல், சைப்ரஸ் தீவில் நோய் பரவியபோது, மனிதர்களுக்கு வாங்கி மிச்சமிருந்த கோவிட் மாத்திரைகளை அரசே பூனைகளுக்குத் திறந்துவிட்டது. எலி பிடிக்கும் கூலிக்கு மீன் தலை வாங்கிய பிராணிக்கு இது சின்ன உயர்வு இல்லை.

வலியைப் பார்க்கக் கற்றது இன்னும் அண்மையில். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்-ரே படங்களை 2002இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அலமாரி மேல் ஏறுவதை நிறுத்திய பூனையைச் சோம்பேறி என்றுதான் அதுவரை சொன்னோம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் முகத்தை வைத்தே வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலைத் தந்தார்கள். காது எப்படி விலகியிருக்கிறது, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை நீட்டிக்கொண்டிருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கிறதா என ஐந்தைப் பார்க்க வேண்டும். ஒளிக்கத் தெரிந்த பிராணியிடமிருந்து உண்மையை வாங்க இவ்வளவு பாடு.

இத்தனை அறிவும் யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், அல்லது வேலைக்குப் போகாத பிள்ளை. மாத்திரையை மீனில் ஒளித்து வைப்பதும், மலப்பெட்டியில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகியிருக்கின்றனவா என்று தினம் பார்ப்பதும் அவர்கள். செலவுக்கும் அளவில்லை. எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அன்று யாருக்கும் வரவில்லை, பூனையே பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. இன்று கிளினிக் மேசையில் டாக்டர் நம் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார். நான்காம் நிலைப் பூனையை நாள்தோறும் குத்திக்கொண்டே இருப்பதைவிட ஊசி போட்டு அனுப்பிவிடுவது சில நேரம் கருணை என்றே நான் நினைக்கிறேன். எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பூனையைக் கொன்ற பாவம் ஏழு தலைமுறைக்கு என்று சொல்லும் அத்தைமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள்தான் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடச் சொன்னவர்களும்.

ஊருக்குப் போவதுதான் இப்போது பெரிய சிக்கல். முன்பு கதவைப் பூட்டிக்கொண்டு பதினைந்து நாள் கல்யாணத்துக்குப் போகலாம், பூனை தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். இன்சுலின் பூனையை விட்டுவிட்டுப் போக முடியாது. தங்கும் விடுதியில் விட்டால் பயத்தில் சாப்பிடாது, சாப்பிடாத பூனைக்கு இன்சுலினும் போடக் கூடாது. அதனால் சென்னையில் வீட்டுக்கே வந்து ஊசி போட்டு, சாப்பாடு வைத்து, வீடியோ அனுப்பிவிட்டுப் போகும் பிள்ளைகள் உருவாகியிருக்கிறார்கள். காலேஜ் படிக்கிறவர்கள்தான் பலரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்களுக்கு ஏகக் கிராக்கி. முதலில் அவர்களிடம் தேதி வாங்கிக்கொண்டு, பிறகுதான் ரயிலுக்கு டிக்கெட் போடுகிறார்கள்.